களிமண்ணில் தலை செய்யப் பழகுகிறவர்களுக்கு: யாரிடம் காட்டுவது, என்ன கேட்பது

கண் சரியில்லை என்று நான்கு பேர் சொன்னார்கள். ஒருவர் கண் பெரிது என்றார், இன்னொருவர் முறைக்கிற மாதிரி இருக்கிறது என்றார், மற்ற இரண்டு பேருக்கும் என்னவென்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் விரல் கண்ணைத்தான் காட்டியது. அப்பாவின் தலையை ஆளளவுக்குக் களிமண்ணில் செய்துகொண்டிருந்தேன். மூன்று வாரம் அந்தக் கண்களையே வழித்தெடுத்து, மறுபடி வைத்து, மறுபடி வழித்தெடுத்துப் போயிற்று. பிறகு ஒரு நாள், எனக்கு முடி வெட்டும் அண்ணன் குயவர்பாளையத்தில் கடையை மூடிவிட்டு வீட்டுப் பக்கம் வந்தவர், மாடிக்கு வந்து பார்த்தார். முன்னால் நிற்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போனார், உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தார், அப்புறம் பக்கவாட்டில் வந்து நின்று, "பின்மண்டை எங்க தம்பி? காதுக்குப் பின்னால ஒண்ணுமே இல்லையே" என்றார்.

இரண்டு கால் விரித்து அகலம் அளக்கும் கருவியான காலிப்பரை எடுத்து அளந்தேன். நெற்றியிலிருந்து பின்மண்டை மேடு வரை அப்பாவுக்கு 19 சென்டிமீட்டர், என் மண்ணில் பதினாறரை. பின்னால் இரண்டரை சென்டிமீட்டர் மண் ஏற்றினேன், இரண்டு காதையும் பிய்த்துப் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். கண்ணைத் தொடவே இல்லை. அடுத்த வாரம் அதே ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, கண்ணை நல்லா சரி பண்ணிட்டியே என்றார்கள்.

தலை செய்யக் கற்றுக்கொள்ளும்போது இதைத்தான் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏதோ தப்பு என்று பார்க்கிறவர்கள் சொன்னால் அது அநேகமாக உண்மைதான், ஆனால் அவர்கள் கை காட்டுகிற இடத்தில் தப்பு இருக்க வேண்டும் என்று இல்லை. மனிதர்கள் முகத்தில் கண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள், அதனால் எங்கே கோளாறு இருந்தாலும் பழி கண்மேல் விழும். சொன்னதை வாங்கிக்கொண்டு அது எந்த எலும்பில் போய் முடிகிறது என்று தேடிப்பிடிப்பது உங்கள் வேலை. மண் பிசைவதைவிட எனக்கு இதைக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் ஆனது.

மண், அதை உள்ளிருந்து தாங்கும் சட்டம் பற்றிக் கொஞ்சம்

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு மண் பெரிய பிரச்சினை இல்லை. வில்லியனூர் பக்கம் போனால் போதும். சுடுமண் கலைக்காக 2020இல் பத்மஸ்ரீ வாங்கிய வி.கே. முனுசாமியின் ஊர் அது, அந்த ஊர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆளளவு தலை ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ பிசைந்த மண் வாங்கிக்கொள்ளுங்கள், மார்பளவு என்றால் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். கல், வேர் இல்லாமல் நன்றாக மிதித்த மண்ணா என்று கேட்டு வாங்குங்கள். சுடப்போவதில்லை, மாதக்கணக்கில் திருத்தித் திருத்திப் பழகத்தான் போகிறேன் என்றால் எண்ணெய்க் களிமண் நல்லது, காயாது. அதில் கந்தகம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், கந்தகம் இருந்தால் பின்னாளில் சிலிக்கோன் அச்சு எடுக்கும்போது ரப்பர் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும்.

சட்டத்துக்கு ஒரு பிளைவுட் பலகை, நடுவில் அடித்தட்டு வைத்துத் திருகிய அரை இஞ்ச் ஜிஐ பைப், அதன் தலையில் பல்பு வடிவத்தில் வளைத்துக் கட்டிய தடித்த அலுமினியக் கம்பி. மண் வழுக்கி இறங்காமல் இருக்கக் கம்பிக்குள் சின்னச் சின்ன மரத்துண்டுகளைக் குறுக்காகக் கட்டித் தொங்கவிடுங்கள். பைப் நட்டுக்குத்தலாக நிற்கும், ஆனால் கழுத்து அப்படி நிற்காது, முன்னுக்குச் சாய்ந்துதான் இருக்கும், அதனால் பைப்பைக் கழுத்தின் பின்பக்கத்தை ஒட்டி வருகிற மாதிரி அமையுங்கள். இதை விட்டுவிட்டால் கழுத்து ஒரு கம்பம் மாதிரி ஆகிவிடும், பிறகு எதைச் சொன்னாலும் திருத்த முடியாது.

கடற்கரை ஊரில் காற்றில் ஈரம் இருக்கிறதே என்று மெத்தனமாக இருக்க வேண்டாம். சித்திரை வைகாசியில் மொட்டைமாடி அறையில் மதியத்துக்குள் காதும் மூக்கும் வெடித்துவிடும். ஈரத்துணி, அதன்மேல் பாலிதீன் பை, தினமும். ஐப்பசி கார்த்திகையில் நேர் எதிர், துணி போட்டால் பூஞ்சை பிடிக்கும், பை மட்டும் போதும்.

அளவு

உயிரோடு ஒருவர் எதிரே உட்கார்ந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் டிவி பார்க்கும் நேரத்தில் அரை மணி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மோவாயிலிருந்து உச்சி வரை, ஒரு கன்ன எலும்பிலிருந்து மறு கன்ன எலும்பு வரை, நெற்றியிலிருந்து பின்மண்டை வரை, காதுத் துளையிலிருந்து மூக்கு நுனி வரை, காதுத் துளையிலிருந்து மோவாய் வரை. இந்த ஐந்தும் இருந்தால் ஆரம்பிக்கலாம். சுடப்போகிற மண் என்றால் காய்ந்து சுட்டு முடிப்பதற்குள் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் சுருங்கும், அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொதுக் கணக்குகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தலையின் மொத்த உயரத்தில் சரிபாதியில் கண், முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து மோவாய் என்று மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு, முன்னாலிருந்து பார்த்தால் முகத்தின் அகலம் சுமார் ஐந்து கண். முகத்தை மூன்றாகப் பங்கிடுவது, நம் ஸ்தபதிகள் சிலையின் பங்குகளை அளக்கும் தாளக் கணக்கிலும் உண்டு. சுவாமிமலையில் இன்றும் தென்னை ஓலையை நறுக்கி மடித்துத்தான் அந்தப் பங்கைப் பிரிக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், ஸ்தபதிக்கு அந்தக் கணக்குதான் இலக்கு, தெய்வ உருவம் அதிலிருந்து விலகக் கூடாது. குறிப்பிட்ட ஓர் ஆளின் தலையைச் செய்கிற நமக்கு, அந்த ஆள் கணக்கிலிருந்து எங்கே விலகுகிறார் என்பதில்தான் சாயலே இருக்கிறது. அப்பாவுக்கு மூக்கடியிலிருந்து மோவாய் வரை உள்ள பங்கு மற்ற இரண்டையும்விட அரை விரல் கட்டை, அதைச் 'சரி' செய்தால் அப்பா போய்விடுவார். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகள் இருக்கின்றன, ஒருமுறை போய் இந்த வித்தியாசத்தை நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பின்மண்டையை நாம் எல்லோரும் மறப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பண்ருட்டியிலும் கடலூர் வண்டிப்பாளையத்திலும் செய்கிற கொலு பொம்மைகளைப் பார்த்து வளர்ந்த கண் நம்முடையது. அச்சு பொம்மை முன்பாதி பின்பாதி என்று இரண்டாக அழுத்தி ஒட்டுவது, படிக்கட்டில் முன்பக்கம் தெரிந்தால் போதும் என்று செய்வது, அதற்கு அதுதான் சரி. சுற்றிவந்து பார்க்கிற தலைக்கு அது ஆகாது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் ஒரு தலையைச் செய்யும்போது சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு கோணத்து வெளிக்கோட்டையும் பிடித்துக்கொண்டே போவாராம். அந்த வழக்கத்தைக் கைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், சிலை நிற்கும் சுழல்மேடையைத் திருப்புங்கள்.

முதல் தடவை காட்டுவது

கண் மூக்கு எதுவும் இல்லாமல் முட்டை மாதிரி ஒரு மண்டை, அதில் முன்னால் ஆப்பு மாதிரி முகம், சாய்ந்த கழுத்து, தோள் தொடங்கும் இடம், அவ்வளவு ஆனதும் முதல் தடவை காட்டுங்கள். வெட்கமாக இருக்கும், "இன்னும் முடியலையே" என்று சொல்லத் தோன்றும், ஆனால் திருத்துவதற்கு இதைவிட மலிவான நேரம் கிடைக்காது. இப்போது ஒரு தவறைத் திருத்த ஐந்து நிமிடம், கண்ணெல்லாம் வைத்த பிறகு அதே தவறுக்கு ஒரு வாரம்.

"எப்படி இருக்கு?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும், அன்புள்ளவர்கள் வேறென்ன சொல்வார்கள். நான்கு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்: இவர் எந்தப் பக்கம் பார்க்கிறார்? தலை நிமிர்ந்திருக்கிறதா, குனிந்திருக்கிறதா? ஒல்லியா, தடியா? பாதியில் காட்டும்போது: ஆணா பெண்ணா, என்ன வயது இருக்கும், என்ன மனநிலையில் இருக்கிறார்? யாருடைய தலை என்று முன்னாடியே சொல்லிவிட்டால் பதில் கெட்டுவிடும். எழுபது வயது ஆளைச் செய்கிறீர்கள், பார்த்தவர் நாற்பது என்கிறார் என்றால், சுருக்கம் போதவில்லை என்று கோடு கீறப் போகாதீர்கள். கன்னத்துச் சதை இறங்கியிருக்கிறதா, நெற்றிப்பொட்டு குழிந்திருக்கிறதா, காது நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். வயது கோட்டைவிட அங்கேதான் அதிகம் தெரியும்.

யாரிடம் காட்டுவது என்பதும் முக்கியம். சிற்பம் படித்தவர் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம், அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் படித்தவர்கள் யாராவது பழக்கத்தில் இருந்தால் விடாதீர்கள். ஆனால் அவர் ஒருவர் போதாது. அந்த ஆளைத் தினமும் பார்க்கிறவர் ஒருவர் வேண்டும், அந்த ஆளைப் பார்த்தே இராதவர் ஒருவர் வேண்டும், தலை என்ற பொருளைத் தொழிலாகத் தொடுகிறவர் ஒருவர் வேண்டும். முடி வெட்டுகிறவர், பல் டாக்டர், தையல்காரர். தையல்காரர் ஒருவர் என் மார்பளவுச் சிலையைப் பார்த்து ஒரு தோள் இறங்கியிருப்பதை அரை நொடியில் சொன்னார், நான் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தபோது ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது.

கண், வாய், காது

கண்ணைக் கடைசியில் திறப்பது நம் ஊர்ச் சிலைகளுக்குச் சடங்கு. தலை செய்யப் பழகுகிறவர்களும் அதைப் பின்பற்றலாம், கண்ணைச் சீக்கிரம் வைத்துவிட்டால் மனசு அதிலேயே ஒட்டிக்கொள்ளும், சுற்றியிருப்பதை மாற்ற கை வராது. முதலில் குழியைத் தோண்டுங்கள், நீங்கள் நினைப்பதைவிட ஆழமாக. பெரியவர்களின் கண்முழி சுமார் 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. உண்மையாகவே ஓர் உருண்டை உருட்டிக் குழிக்குள் வையுங்கள், அதன்மேல் இமையைப் பட்டையாகப் போர்த்துங்கள். இமைக்குத் தடிமன் உண்டு, அதை விட்டால் பொம்மைக் கண் ஆகிவிடும். பக்கவாட்டில் பார்த்தால் மேலிமை கீழிமையைவிட முன்னால் நிற்கும். வெளிக்கடை உள்கடையைவிடப் பின்னால் தள்ளி இருக்கும். மேலிமையின் உச்சம் மூக்குப் பக்கம், கீழிமையின் பள்ளம் வெளிப்பக்கம். கருவிழியின் மேல்விளிம்பு கொஞ்சம் இமைக்குள் மறைந்திருக்க வேண்டும், முழு வட்டமும் தெரிந்தால் திடுக்கிட்டவர் மாதிரி ஆகிவிடும். நிறம் இல்லாத மண்ணில் பார்வையைக் கொண்டுவர, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிற்பி ஹூதோன் கருவிழியைக் குழித்து, மேல்பக்கம் ஒரு சின்னத் துணுக்கை மட்டும் தொங்கலாக விட்டுவைப்பார். குழி நிழலாகும், துணுக்கு ஒளிப்புள்ளியாகும். 1778இல் அவர் செய்த வால்டேர் தலைகளின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அது புரியும்.

வாயைத் தட்டையான சுவரில் வைத்த மாதிரி எல்லோரும் செய்வார்கள். ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்து அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் உதடு வரைந்து, பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், வாய்க்கடை எவ்வளவு பின்னால் போகிறது என்று தெரியும். உதட்டுக்கு அடியில் பல்வரிசை அந்த டம்ளர் மாதிரிதான் வளைந்திருக்கிறது. முதலில் அந்த வளைவை மண்ணில் கட்டுங்கள், பிறகு உதடு. உதடு சேரும் கோடு மூக்கடிக்கும் மோவாய்க்கும் நடுவில் வராது, மூக்கடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே வரும்.

காது, பக்கவாட்டில் தலையின் பாதிக்கோட்டுக்குப் பின்னால். உயரம் புருவத்திலிருந்து மூக்கடி வரை, மேல்பக்கம் பின்னுக்குச் சாய்ந்து. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முண்டிலிருந்து தொண்டைக்குழிக்கு இறங்கும் தசை ஒன்று உண்டு, தலையைத் திருப்பினால் கழுத்தில் கயிறு மாதிரி தெரியும். அதைச் சரியாகப் போட்டால் கழுத்து பாதி முடிந்த மாதிரி.

சொல்வதை வாங்கிக்கொள்வது

ஒருவர் குறை சொல்லும்போது கை மண்ணுக்குப் போகக் கூடாது. விளக்கமும் சொல்லக் கூடாது. நோட்டில் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், மறுநாள் காலையில் காலிப்பரோடு உட்காருங்கள். தொடர்பே இல்லாத இரண்டு பேர் ஒரே பகுதியைச் சொல்லியிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் இல்லாமல் அதன் அக்கம்பக்கம் எல்லாவற்றையும் அளங்கள்.

அடிக்கடி வரும் சில வார்த்தைகளுக்கு என் அனுபவத்தில் பொருள் இப்படி. "கோபமா இருக்கார்" என்றால் புருவ மேடு கண்ணுக்கு மிக அருகில் இறங்கியிருக்கும், அல்லது வாய்க்கடை ஒரு மயிரிழை கீழே. "அவரோட தம்பி மாதிரி இருக்கு" என்றால் நல்ல செய்தி, உறுப்புகள் சரி, நடுவில் உள்ள தூரம் ஏதோ ஒன்று தப்பு, முக்கியமாக மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். "பொம்மை மாதிரி இருக்கு" என்றால் இரண்டு பக்கமும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருக்கும், எல்லா இடமும் ஒரே வழவழப்பாக இருக்கும். நெற்றியில் எலும்பு தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, கன்னத்தில் சதை, மூக்கு நுனியில் குருத்தெலும்பு, மூன்றுக்கும் ஒரே மெழுகு மெழுகினால் உயிர் வராது. "முகமூடி மாதிரி இருக்கு" என்றால் நேராகப் பின்பக்கம் போங்கள்.

திருத்தும் வரிசையை மாற்றாதீர்கள்: சாய்வு, பிறகு மொத்த உருவம், பிறகு எலும்பு, பிறகு உறுப்பு, கடைசியில் தோல். யாராவது தோலைப் பற்றிச் சொன்னதையும் சாய்வைப் பற்றிச் சொன்னதையும் ஒரே நாளில் எழுதியிருந்தால், தோலை அடித்துவிட்டுச் சாய்வைப் பாருங்கள்.

படம் எடுத்து அனுப்பிக் கேட்கிறவர்கள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எடுக்காதீர்கள், மூக்கு பெருத்து காது ஒடுங்கித் தெரியும், பார்க்கிறவர் இல்லாத குறையைச் சொல்வார், நீங்கள் அதைத் திருத்தி நிஜமாகவே கெடுத்துவிடுவீர்கள். இரண்டு மீட்டர் தள்ளி, சிலையின் கண் மட்டத்தில் போனை வைத்து, இரண்டு மடங்கு ஜூம் செய்யுங்கள். மேடையை எட்டாகப் பிரித்து எட்டுக் கோணம். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து, கொஞ்சம் மேலிருந்து. நேர் எதிரே டியூப்லைட் இருந்தால் மேடு பள்ளம் எதுவும் தெரியாது. ஒரு பக்க வெளிச்சம் முகத்தில் எப்படி விழுகிறது என்று பார்க்க, விடியும்போது பீச் ரோட்டில் அரை மணி உட்காருங்கள். வண்டி வராத நேரம், கடல் பக்கமிருந்து வெயில் தாழ்வாக வரும், நடப்பவர்கள் முகத்தில் ஒரு பாதி வெளிச்சம், மறு பாதி நிழல், கன்ன எலும்பின் விளிம்பு அப்படியே வரைந்து காட்டும். நான் வாரத்தில் ஒரு நாளாவது போகிறேன்.

காட்ட ஆள் இல்லாத நாளில் கண்ணாடியில் பாருங்கள். இடம் வலம் மாறியதும் கோணல் எல்லாம் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். இருட்டில் ஒரு டார்ச்சை வைத்துச் சுவரில் நிழல் விழவைத்து, ஆளின் பக்கவாட்டு நிழலோடு ஒப்பிடுவது எனக்குப் பிடித்த வழி.

அடுத்தவர் வேலைக்குக் குறை சொல்லும்போது இடம், திசை, அளவு மூன்றையும் சொல்லுங்கள். "மூக்கு சரியில்லை" என்றால் அவர் இரவெல்லாம் தூங்க மாட்டார், வேலையும் நடக்காது. "மூக்கு நுனி சிலையின் வலப்பக்கம் ஓர் அரிசி அளவு சாய்ந்திருக்கு" என்றால் இரண்டு நிமிடத்தில் திருத்திவிடுவார். சிலையின் வலமா, பார்க்கிறவரின் வலமா என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் சிலையின் வலம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. அப்புறம், கேட்காமல் அடுத்தவர் மண்ணைத் தொடாதீர்கள். பழகுகிற காலத்தில் பெரியவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு என் சிலையின் தாடையைத் தானே திருத்திக் கொடுத்தார், தாடை அழகாக வந்தது, ஆனால் எங்கே தப்பு செய்தேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சுடுவதற்கு முன்

மண் தோல் பதத்துக்கு, அதாவது பாதி காய்ந்து நசுங்காமல் அறுக்க வருகிற பதத்துக்கு வந்ததும் உச்சந்தலையைக் கம்பியால் தொப்பி மாதிரி அறுத்து எடுங்கள், உள்ளே இருக்கும் கம்பியையும் மண்ணையும் வெளியே கொண்டுவந்து, சுவர் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும்படி குடையுங்கள். விளிம்பைக் கீறி, குழை மண் தடவி, தொப்பியைத் திரும்ப ஒட்டுங்கள். கழுத்தடியில் காற்றுப் போக ஓட்டை கட்டாயம். மாதக்கணக்கில் நிழலில் காய்ந்திருந்தாலும் தடித்த இடத்தில் ஈரம் மிச்சம் இருந்தால் சூளையில் நீராவியாகி வெடிக்கும், என் முதல் தலை அப்படித்தான் மூன்று துண்டாக வந்தது. மழைக்காலத்தில் சுடவே கொடுக்காதீர்கள், தை வரை பொறுங்கள்.

அப்பாவின் தலையை அறுப்பதற்கு முந்தின நாள் அம்மாவைக் கூப்பிட்டேன். அவரை மட்டும் கடைசி வரை மாடிக்கு வரவிடவில்லை, முப்பத்தெட்டு வருடம் அந்த முகத்தைப் பார்த்தவர் முதல் பார்வையில் சொல்வது ஒரு தடவைதான் கிடைக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இடது புருவம் கொஞ்சம் ஏறி இருக்கும்டா அவருக்கு, யாராவது பேசறதக் கேக்கும்போது" என்றார். படங்களில் தேடினேன், ஒன்றிலும் இல்லை, ஏனென்றால் படம் எடுக்கும்போது அப்பா யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கீழே போய் அவரிடம் மின்சார பில் பற்றி ஏதோ பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், ஏறியது. ஓர் அரிசி அளவு மண்ணை இடது புருவத்துக்கு மேல் ஏற்றி, வெளிச்சத்தைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, ஈரத்துணியைப் போட்டு மூடினேன். காலையில் அறுத்தேன்.